ஒரே சுவிட்சில் இரண்டு கணினி, பிங் போகவில்லை: சுவிட்ச் பழுதா?

கேள்வி: ஜூன் 2, இரவு 9.40

ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றில் இரண்டு விண்டோஸ் கணினிகள். ஒன்றுக்கு 192.168.1.10, மற்றதற்கு 192.168.2.10. இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே கட்டம் காலி. இரண்டு போர்ட்டிலும் விளக்கு எரிகிறது. பிங் மட்டும் போகவே இல்லை. கேபிளை மாற்றியாச்சு, போர்ட்டை மாற்றியாச்சு. சுவிட்ச்தான் பழுது என்று நினைக்கிறேன். இரண்டும் 192.168 தானே, ஒரே நெட்வொர்க்தானே?

ஜூன் 2, இரவு 10.15

சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பிங் (எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் செய்தி) அதன் போர்ட் வரைக்கும்கூட வரவில்லை.

சாதாரண சுவிட்சுக்கு ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. அது பார்ப்பது மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்ணை மட்டும். "இவன் என் நெட்வொர்க்கா, வெளியாளா" என்ற முடிவை எடுப்பது அனுப்புகிற கணினியேதான், அதுவும் பாக்கெட்டை (அனுப்பும் தரவுத் துண்டை) வெளியே விடுவதற்கு முன்பே. முடிவெடுக்க அதனிடம் இருக்கும் ஒரே கருவி மாஸ்க்: ஐபியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்.

கணக்கு இதுதான். தன் ஐபியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ஆண்ட் (இரண்டு பிட்டும் 1 என்றால் மட்டும் 1, இல்லாவிட்டால் 0) செய்கிறது: 192.168.1.0. போக வேண்டிய ஐபியையும் தன் மாஸ்க்கோடு ஆண்ட் செய்கிறது: 192.168.2.0. இரண்டும் வேறு. ஆகவே அது வெளியாள். வெளியாளுக்குப் போவதென்றால் கேட்வேயிடம், அதாவது வெளி நெட்வொர்க்குக்கு வழியாக இருக்கும் ரூட்டரிடம் கொடுக்க வேண்டும். கேட்வே கட்டம் காலி. அதோடு கதை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எதிர்க் கணினியின் மாஸ்க் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அது என்ன மாஸ்க் வைத்திருக்கிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியவும் தெரியாது.

உடனடித் தீர்வு: இரண்டாவது கணினிக்கு 192.168.1.20 கொடுங்கள். கேட்வே காலியாகவே இருக்கட்டும். ஒரே சப்நெட்டுக்குள் (மாஸ்க் கணக்கில் ஒன்றாக வரும் முகவரிக் கூட்டத்துக்குள்) பேச அது தேவையில்லை.

ஜூன் 3, காலை 7.50

"ஐபியை மாற்ற முடியாது, மாஸ்க்கைப் பெரிதாக்கி 255.255.254.0 என்று போட்டால் இரண்டும் சேர்ந்துவிடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேராது. இந்த மாஸ்க்கில் முதல் 23 பிட் 1 என்பதால் சுருக்கமாக /23; 255.255.255.0 என்பது /24. /23 என்றால் இரண்டு /24 ஒன்றாகும் என்பது சரி. ஆனால் எந்த இரண்டு என்பது நம் கையில் இல்லை.

மூன்றாவது எண்ணை மட்டும் பிட்டாக எழுதிப் பாருங்கள்:

1 = 00000001
2 = 00000010
254 = 11111110

1-ஐ 254-உடன் ஆண்ட் செய்தால் 0. 2-ஐ 254-உடன் ஆண்ட் செய்தால் 2. இன்னும் வேறுதான். /23-இல் 0-உம் 1-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. 1-உம் 2-உம் ஜோடி சேரவே மாட்டா. இரண்டையும் உள்ளடக்க /22 வேண்டும், அதாவது 255.255.252.0. அப்போது 0, 1, 2, 3 நான்கும் ஒரே நெட்வொர்க்: 192.168.0.0 முதல் 192.168.3.255 வரை, கணினிகளுக்குப் பயன்படுவது 1022 முகவரி.

பிட் எழுதாமல் கண்டுபிடிக்க: மாஸ்க்கில் 255-உம் இல்லாமல் 0-உம் இல்லாமல் இருக்கும் எண்ணை 256-இலிருந்து கழியுங்கள். 256 − 252 = 4. அந்த இடத்து எண் 4-இன் மடங்குகளில் புது நெட்வொர்க் தொடங்கும்: 0, 4, 8, 12. இதே முறை கடைசி எண்ணுக்கும் பொருந்தும். 192.168.1.130/26-ஐ எடுத்துக்கொள்வோம். மாஸ்க் 255.255.255.192; 256 − 192 = 64; தொடக்கங்கள் 0, 64, 128, 192. ஆகவே 130 இருப்பது 128-இல் தொடங்கும் துண்டில். 128 நெட்வொர்க் முகவரி, 191 பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி), கொடுக்கக்கூடியவை 129 முதல் 190 வரை, மொத்தம் 62.

ஒரு துணைத் தகவல்: /22-இல் 192.168.1.0, 192.168.0.255 ஆகிய இரண்டும் ஒரு கணினிக்குக் கொடுக்கத் தகுந்த முறையான முகவரிகள். "0-இல் முடிந்தால் நெட்வொர்க், 255-இல் முடிந்தால் பிராட்காஸ்ட்" என்பது /24-க்கு மட்டும் உண்மை. ஆனாலும் சில பழைய கருவிகள் இப்படிப்பட்ட முகவரியைக் கண்டால் முரண்டு பிடிக்கும். இடம் தாராளமாக இருக்கும்போது அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

ஜூன் 3, இரவு 11.05

மாஸ்க்கை மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு "அப்போதும் போகவில்லை" என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

முதல் கணினியில் /22, இரண்டாவதில் /24 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இரண்டாவதை உள்ளாள் என்று நினைத்து நேராக அனுப்பப் பார்க்கும். பதில் சொல்ல வேண்டிய இரண்டாவது தன் மாஸ்க்கை வைத்துக் கணக்குப் போடும். அதன் கணக்கில் 192.168.1.10 வெளியாள். கேட்வே இல்லை. பதில் கிளம்பாது. போகும் வழி ஒரு முடிவு, திரும்பும் வழி தனியாக இன்னொரு முடிவு. இரண்டும் சரியாக இருந்தால்தான் பிங்.

மாஸ்க் தப்பாக இருந்தும் பாதி வேலை செய்கிற நிலைமைகள்தான் ஆளைச் சுற்றவிடும். அலுவலக நெட்வொர்க் எல்லாம் /24-ஆக இருக்க, ஒரு கணினியில் மட்டும் தவறி 255.255.0.0 போட்டுவிட்டால்: பக்கத்துக் கணினி வரும், இணையம் வரும், ஆனால் அடுத்த மாடியின் 192.168.5.x பிரிண்டர் மட்டும் வராது. அதை உள்ளாள் என்று நினைத்து இந்தக் கணினி தன் கேபிளிலேயே கூவிக்கொண்டிருக்கும், ரூட்டரிடம் கொடுக்காது. (ஏஆர்பி என்பது ஒரு ஐபியின் மேக்கைக் கேட்டறியும் முறை. ரூட்டரில் பிராக்சி ஏஆர்பி, அதாவது மற்றவர் சார்பில் பதில் சொல்லும் வசதி இயங்கினால் அது குறுக்கே வந்து பதில் சொல்லிக் காப்பாற்றிவிடும், பிறகு ரூட்டரை மாற்றும் நாளில் பிழை திடீரென்று வெளிப்படும்.) மாறாக மாஸ்க் குறுகிவிட்டால், எடுத்துக்காட்டாக 192.168.1.20-க்கு /25 போட்டால், 192.168.1.200-க்குப் போவதெல்லாம் தேவையில்லாமல் கேட்வே வழியாகச் சுற்றிப்போகும். கேட்வே 192.168.1.254 என்றிருந்தால் இன்னும் மோசம்: கேட்வேயே அதன் நெட்வொர்க்குக்கு வெளியே போய்விடுகிறது.

ஜூன் 4, காலை 9.20

கேட்டவர் மறுபடி: "இரண்டாவதை 192.168.1.20 ஆக்கினேன். இப்போது ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வருகிறது."

முன்னேற்றம்தான். பிங் அனுப்பியவுடனே அதே கணினியில் கட்டளைச் சாளரத்தில் ஏஆர்பி -ஏ (arp -a) என்று கொடுங்கள். பட்டியலில் 192.168.1.20-க்கு எதிரே மேக் முகவரி தெரிகிறதா? தெரிந்தால் கேபிள், சுவிட்ச், மாஸ்க் எல்லாம் சரி. எதிர்க் கணினி உயிரோடு இருந்து பதிலும் சொல்லியிருக்கிறது. பிங்கை மட்டும் அதன் ஃபயர்வால் விழுங்குகிறது. விண்டோஸ் ஃபயர்வால் ஏஆர்பியைத் தடுக்காது, உள்ளே வரும் பிங்கைத் தடுக்கும். நெட்வொர்க் வகை "பப்ளிக்" என்றிருந்தால் இது வழக்கம்.

ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். மேம்பட்ட அமைப்பில் இன்பவுண்ட் ரூல்ஸ் போய், "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" என்று தொடங்கி "எக்கோ ரிக்வெஸ்ட், ஐசிஎம்பிவி4" என்று வரும் விதியை மட்டும் இயக்கினால் போதும்.

ஜூன் 4, காலை 11.40

பிங் போய்விட்டதாம். நல்லது. ஆனால் பிங் தோற்கும்போது வரும் வாக்கியத்தைப் படிக்காமல் "போகலை" என்று மட்டும் எழுதுவதால் பாதி நேரம் வீணாகிறது. வாக்கியம்தான் நோயைச் சொல்கிறது.

"ஜெனரல் ஃபெயிலியர்": விண்டோஸில் இது வந்தால் பாக்கெட் கணினியை விட்டே கிளம்பவில்லை, போக வழி தெரியவில்லை. முதல் நாள் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது இதுதான். லினக்ஸில் இதே நிலைக்கு "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்".

"ரிப்ளை ஃப்ரம்" என்று உங்கள் சொந்த ஐபியே வந்து, தொடர்ந்து "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்": உள்ளாள் என்று முடிவெடுத்து ஏஆர்பி கேட்டாகிவிட்டது, யாரும் கை தூக்கவில்லை. எதிர்க் கணினி அணைந்திருக்கலாம், கேபிள் விட்டிருக்கலாம், ஐபி தப்பாக இருக்கலாம்.

அதே வாக்கியம் வேறொரு ஐபியிலிருந்து வந்தால், அந்த ஐபி ஒரு ரூட்டர். அதுவரை பாக்கெட் போய்விட்டது. அதற்கு அப்பால் வழியில்லை என்று அது சொல்கிறது. உங்கள் கணினியை விட்டுவிட்டு அந்த ரூட்டரைப் பாருங்கள்.

"ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்": கிளம்பியது, பதில் இல்லை. ஃபயர்வாலாக இருக்கலாம், திரும்பும் வழி இல்லாமல் இருக்கலாம்.

விண்டோஸில் இன்னொரு பொறி. உங்கள் ஐபியிலிருந்தே "அன்ரீச்சபிள்" வந்தாலும் அதைப் பதில் என்று கணக்கில் சேர்த்து, கடைசி வரியில் "0% லாஸ்" என்று காட்டும். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

ஜூன் 6, மாலை 6.30

இன்னொருவரின் வாதம்: "அப்படியானால் ஒரே சுவிட்சில் கணக்குப் பிரிவுக்கு 192.168.1, மாணவர்களுக்கு 192.168.2 என்று கொடுத்தாலே பாதுகாப்பான பிரிவினை கிடைத்துவிடுகிறதே, விலேன் எதற்கு?"

கிடைக்காது. தடுப்பது அவரவர் கணினி போடுகிற கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கை மாற்றுவது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. ஒரு மாணவர் தன் ஐபியை 192.168.1.77 என்று மாற்றிக்கொண்டால் அடுத்த நொடியே கணக்குப் பிரிவுக்குள் நிற்பார். அவர் எதையும் மாற்றாவிட்டாலும் இரண்டு பக்க பிராட்காஸ்ட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஐபிவி6-ஐயும் மறந்துவிடக் கூடாது. இன்றைய கணினிகள் எதையும் கேட்காமலேயே எஃப்இ80 என்று தொடங்கும் ஒரு லிங்க்-லோக்கல் முகவரியைத் தாங்களாகவே போட்டுக்கொள்ளும். ஒரே சுவிட்சில் இருக்கும் எல்லாமே அந்த முகவரியால் ஒன்றுக்கொன்று அண்டை. ஐபிவி4-இல் எத்தனை சப்நெட் போட்டுப் பிரித்தாலும் இந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

விலேன் என்பது சுவிட்சே செய்கிற பிரிவினை. போர்ட் 1 முதல் 8 வரை விலேன் 10, 9 முதல் 16 வரை விலேன் 20 என்று போட்டால் ஒன்றின் ஃப்ரேம் (பாக்கெட்டைச் சுற்றி மேக் முகவரி எழுதிய உறை) மற்றதன் போர்ட்டில் வெளிவராது, பிராட்காஸ்ட் உட்பட. ஐபியை மாற்றி ஏமாற்ற முடியாது. இரண்டு சுவிட்சுக்கு இடையில் ஒரே கேபிளில் பல விலேன் போக வேண்டுமென்றால் 802.1க்யூ டேக்: ஃப்ரேமில் 4 பைட் சேரும், அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட், பயன்படுபவை 1 முதல் 4094 வரை. மேனேஜ்டு வகை சுவிட்சாக இருக்க வேண்டும்; சாதாரணச் சுவிட்சில் இதை அமைக்க இடமே இல்லை.

நடைமுறையில் ஒரு விலேனுக்கு ஒரு சப்நெட் என்றே எல்லோரும் வைக்கிறோம். அதனால்தான் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வருகிறது. விலேன் சுவிட்சின் வேலை, சப்நெட் கணினியின் கணக்கு.

ஜூன் 7, காலை 8.10

ஏஆர்பி பற்றி மேலே ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போனேன். அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கேட்வே என்பது என்ன என்று புரிவது இங்கேதான்.

192.168.1.10, 192.168.1.20-க்கு அனுப்ப வேண்டும். ஐபி தெரியும், மேக் தெரியாது. ஈதர்நெட் ஃப்ரேம் மேக் இல்லாமல் போகாது. ஆகவே 48 பிட்டும் 1-ஆக இருக்கும் பிராட்காஸ்ட் மேக்குக்கு ஒரு கேள்வி: "192.168.1.20 யார்? 192.168.1.10-க்குச் சொல்." எல்லோரும் கேட்பார்கள், உரியவர் மட்டும் தன் மேக்கை நேரடியாகப் பதிலாக அனுப்புவார். அதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். 1982-இல் ஆர்எஃப்சி 826 என்ற இணையத் தர ஆவணத்தில் எழுதப்பட்டது, இன்றும் ஐபிவி4 இதே முறையில்தான் ஓடுகிறது.

இதே ஃப்ரேம்கள் சுவிட்ச் வழியாகப் போகும்போது அது அனுப்புநர் மேக்கைப் பார்த்து "இந்த மேக் போர்ட் 3-இல்" என்று எழுதிக்கொள்கிறது. பெறுநர் மேக் பட்டியலில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், இல்லாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர எல்லாவற்றிலும் விடும். பல சுவிட்சுகளில் 300 விநாடி சத்தம் இல்லாவிட்டால் அந்த வரி அழியும்.

இப்போது வெளியாள். 8.8.8.8-க்குப் போக வேண்டும், கேட்வே 192.168.1.1. கணினி 8.8.8.8-இன் மேக்கைக் கேட்காது. 192.168.1.1-இன் மேக்கைக் கேட்கும். பிறகு அனுப்பும் பாக்கெட்டில் பெறுநர் ஐபி 8.8.8.8, ஆனால் ஃப்ரேமின் பெறுநர் மேக் கேட்வேயுடையது. "கேட்வேக்கு அனுப்பு" என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு மேக்தான். கேட்வேயின் ஐபி அந்தப் பாக்கெட்டில் எங்கேயும் எழுதப்படுவதில்லை.

ரூட்டர் அதைப் பிரித்து, ஃப்ரேமைத் தூக்கிப்போட்டு, அடுத்த ரூட்டருக்கு ஏற்ற புது மேக் போட்டு விடும். ஒவ்வொரு தாவலிலும் மேக் மாறும். ஐபி கடைசிவரை அதேதான், நடுவில் நாட் (ஐபியை மாற்றி எழுதி அனுப்பும் வசதி) இருந்தால் தவிர.

ஜூன் 7, காலை 8.25

மேலே உள்ளதோடு சேர்த்து: ஒவ்வொரு ரூட்டரும் பாக்கெட்டில் உள்ள டிடிஎல் என்ற ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கும், 0 ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப்போடும். லினக்ஸ் வழக்கமாக 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். பிங் பதிலில் டிடிஎல் 57 என்று வந்தால், அது 64-இல் தொடங்கி ஏழு ரூட்டர் தாண்டி வந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஜூன் 9, இரவு 10.00

"சப்நெட்டை மாற்றாமலேயே 1.x-உம் 2.x-உம் பேச வேண்டும், ரூட்டர் வாங்கி இரண்டு கணினியையும் அதன் லேன் போர்ட்டில் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை."

வீட்டு ரூட்டரின் நான்கு லேன் போர்ட்டும் சேர்ந்து ஒரு சுவிட்ச்தான், பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவே. ரூட்டர் பகுதிக்கு இரண்டு கால்கள் மட்டும்: ஒன்று இந்த சுவிட்சில், இன்னொன்று இணையத்தின் பக்கம் இருக்கும் வேன் போர்ட்டில். இரண்டு கணினியும் ஒரே காலின் பக்கம் நிற்கின்றன.

முறையாகச் செய்ய, ரூட்டருக்கு ஒரு கால் 192.168.1.254, இன்னொரு கால் 192.168.2.1 என்று இருக்க வேண்டும். 1.x கணினியின் கேட்வே 192.168.1.254, 2.x கணினியின் கேட்வே 192.168.2.1. எதிர்ப்பக்கக் காலைக் கேட்வேயாகப் போடுகிறவர்கள் உண்டு. அது வேலை செய்யாது, கேட்வே எப்போதும் தன் சப்நெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேக்கைக் கேட்கவே முடியாது.

1.x பக்கத்தில் இணையத்துக்கு ஏற்கெனவே 192.168.1.1 என்ற வீட்டு ரூட்டர் கேட்வேயாக இருந்தால், அதில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைக்கும் வழி) சேருங்கள்: நெட்வொர்க் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.254. இதைச் சேர்க்காவிட்டால், 192.168.2.10-க்கு வரும் பாக்கெட்டை அது இணையத்தின் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது செத்துப்போகும். உங்களுக்குத் தெரிவது வெறும் டைம்ட் அவுட்.

நடுவில் வைத்த பெட்டியின் வேன் போர்ட் 1.x பக்கமும் லேன் 2.x பக்கமும் இருந்து, அதில் நாட் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு வழிப் பாதை கிடைக்கும்: 2.x-இலிருந்து 1.x-க்குப் போகும், 1.x-இலிருந்து 2.x-க்குப் போகாது. நாட் உள்ளிருந்து தொடங்கும் பேச்சுக்கு மட்டும் பட்டியலில் ஒரு வரி எழுதுகிறது: உள் ஐபி, உள் போர்ட் எண் (இது சுவிட்சின் போர்ட் அல்ல, கணினியில் பேசும் நிரலைக் குறிக்கும் எண்), அதற்கு ஈடாக வெளியே காட்டும் போர்ட் எண். வெளியிலிருந்து முதலில் வருவதற்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை. உள்நெட்வொர்க்குகளுக்கு நடுவே நாட்டை அணைத்து வெறும் ரூட்டிங் வையுங்கள். அந்த வசதி இல்லாத பெட்டியை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

ஜூன் 10, மதியம் 1.15

169.254 என்று தொடங்கும் ஐபி பற்றிக் கேட்டவருக்கு: டிஎச்சிபியிடம் (கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் சேவையிடம்) முகவரி கேட்டும் பதில் வராததால் கணினி தானே போட்டுக்கொண்டது அது, மாஸ்க் 255.255.0.0. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. டிஎன்எஸ்ஸையோ உலாவியையோ தொடாதீர்கள், டிஎச்சிபி தரும் பெட்டி வரை ஃப்ரேம் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிஎச்சிபி பேச்சு நான்கு வரி: டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக். சர்வர் யூடிபி (தரவு அனுப்பும் ஒரு முறை) போர்ட் 67, கணினி யூடிபி போர்ட் 68. முதல் வரி பிராட்காஸ்ட். ஆகவே ரூட்டரைத் தாண்டாது. இன்னொரு சப்நெட்டில் இருக்கும் சர்வரிடம் முகவரி வாங்க ரூட்டரில் ரிலே (கேள்வியை அந்தச் சர்வருக்குக் கடத்தும் வசதி) போட்டிருக்க வேண்டும்.

காலையில் எல்லாம் ஓடி மாலைக்குள் ஒவ்வொன்றாகக் கணினிகள் விழுந்தால் டிஎச்சிபி சர்வரைச் சந்தேகியுங்கள். லீஸ் (கொடுத்த முகவரி செல்லுபடியாகும் காலம்) 24 மணி நேரம் என்றால் 12-ஆவது மணியில் கணினி புதுப்பிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் 21-ஆவது மணியில் எந்தச் சர்வராவது தருமா என்று கேட்கும். அதுவும் இல்லாவிட்டால் 24-இல் முகவரியைக் கைவிடும். சர்வர் செத்த நேரத்துக்கும் கணினி விழும் நேரத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் காரணம் கண்ணில் படுவதில்லை.

இதற்கு நேர்மாறான வம்பு, இரண்டு டிஎச்சிபி. பழைய வைஃபை ரூட்டரை மாடியில் வைக்கலாம் என்று கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுவார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களுடையதைக் கணினி பிடித்துக்கொள்ளும். சிலருக்கு இணையம் வரும், சிலருக்கு வராது, மறுதொடக்கம் செய்தால் ஆள் மாறும். பழைய ரூட்டரை மாட்டும் முன்பே இந்த வரிசையில் செய்யுங்கள்: தனியாக ஒரு கணினியை அதில் இணைத்து, அதன் லேன் ஐபியை முக்கிய ரூட்டரின் சப்நெட்டுக்குள் ஒரு காலி முகவரிக்கு மாற்றுங்கள், 192.168.1.2 என்பதுபோல. அடுத்து அதன் டிஎச்சிபியை அணையுங்கள். பிறகுதான் லேனிலிருந்து லேனுக்குக் கேபிள். வேன் போர்ட் காலி. டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் ஐபியை மாற்ற உள்ளே நுழைவதற்கே கையால் முகவரி போட வேண்டிவரும்.

கையால் கொடுக்கும் முகவரிகளை டிஎச்சிபி வரம்புக்கு வெளியே வையுங்கள். வரம்பு 100 முதல் 199 என்றால் பிரிண்டர், கேமரா எல்லாம் 2 முதல் 99-க்குள். மேக்கை வைத்து முகவரி ஒதுக்குகிறவர்கள் கைப்பேசிகளைக் கவனியுங்கள்: இப்போதைய கைப்பேசிகள் வைஃபைக்கு வைஃபை வேறு வேறு மேக் காட்டும். மேக்கின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது ஆலையில் பதித்த மேக் அல்ல, கருவி தானாகப் போட்டுக்கொண்டது.

ஜூன் 12, காலை 7.30

பேச்சு கேபிளுக்குத் தாவியிருக்கிறது. "டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிகிறது, ஆனால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது."

ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகச் செருகியிருப்பீர்கள். மலிவு டெஸ்டர் பார்ப்பது இந்த முனையின் 3 அந்த முனையின் 3-ஐத் தொடுகிறதா என்று மட்டும். ஆனால் ஈதர்நெட் 3-ஐயும் 6-ஐயும் ஒரே ஜோடியாகப் பயன்படுத்துகிறது. அவை இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளாக இருந்தால்தான் இரைச்சல் அடிபடும். உங்கள் கேபிளில் 3 ஒரு முறுக்கில், 6 இன்னொரு முறுக்கில். பக்கத்து ஜோடியின் சத்தம் முழுதும் உள்ளே வந்துவிடும். சின்னக் கேபிளில் ஓடிவிடும், நீளமானால் திணறும்.

டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி 3-லும் 6-லும் உட்காருவதைப் பாருங்கள், ரகசியம் அதுதான். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கேபிளின் மேலுறை பிளக்குக்குள் போய் அழுந்தியிருக்க வேண்டும், கம்பிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் நாலு முறை இழுத்தால் கழன்றுவிடும்.

கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் மட்டும் வந்தால் 4, 5, 7, 8-ஐப் பாருங்கள். 100-க்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நகல் எடுக்கும்போது நொடிக்கு 11 மெகாபைட் அளவில் முட்டிக்கொண்டு நிற்பது இதற்கு அடையாளம். 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5, அதில் தலைப்புகளுக்குப் போனது போக மிச்சம்.

ஜூன் 12, காலை 9.45

கிராஸ் கேபிள் (அனுப்பும் ஜோடியும் பெறும் ஜோடியும் இடம் மாறிய கேபிள்) வேண்டுமா என்றால், இல்லை. கிகாபிட் போர்ட்டுகள் தாங்களே மாற்றிக்கொள்ளும்.

ஜூன் 13, இரவு 8.20

"எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்ததுபோல மின்னுகிறது, யாருக்கும் எதுவும் வரவில்லை." யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கிறார்கள், அல்லது இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடுகிறது. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் உண்டு, சுற்றினால் ஒரு கட்டத்தில் சாகும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு ஏஆர்பி கேள்வி வளையத்துக்குள் நுழைந்தால் கேபிளைப் பிடுங்கும்வரை பெருகிக்கொண்டே சுற்றும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்கு அடங்குகிறதோ அதுதான். ஸ்பானிங் ட்ரீ உள்ள சுவிட்சுகள் இதைத் தாங்களே கண்டு ஒரு போர்ட்டை அடைத்துவிடும். அந்த வசதி இருந்தும் அணைத்து வைத்திருந்தால் இன்றே இயக்குங்கள்.

ஜூன் 15, மாலை 5.00

கிளாஸ் ஏ, பி, சி பற்றி மாணவர் ஒருவர் கேட்டதற்கு: தேர்வுக்குப் படியுங்கள், நெட்வொர்க்கில் தேடாதீர்கள். 1993-இல் சிஐடிஆர் (மாஸ்க்கைத் தனியாகக் குறிக்கும் முறை) வந்ததும் முகவரியின் முதல் எண்ணை வைத்து மாஸ்க்கை ஊகிக்கும் வழக்கம் முடிந்தது. 10.1.1.5-க்கு /24 போடலாம், எந்தத் தடையும் இல்லை.

தெரிந்திருக்க வேண்டியவை தனியார் வரம்புகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் உள்ளதில்தான் தடுக்கி விழுவார்கள், 172.16 முதல் 172.31 வரை மட்டுமே தனியார், 172.32 பொது இணையம். ரூட்டரின் வேன் பக்கத்தில் 100.64 முதல் 100.127-க்குள் ஒரு முகவரி தெரிந்தால் உங்கள் சேவையாளர் தன் பக்கத்திலும் ஒரு நாட் வைத்திருக்கிறார். அப்போது ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பும் அமைப்பு) எத்தனை முறை சரிபார்த்தாலும் வெளியிலிருந்து கேமரா திறக்காது. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாகப் போக வேண்டும்.

ஜூன் 18, காலை 10.30

கடைசியாக வந்த கேள்வி: "8.8.8.8-க்குப் பிங் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை." இந்த இழையில் இதுவரை பேசியதெல்லாம் உங்களிடம் சரியாக இருக்கிறது, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் நிற்கிறது. என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில் தளத்தின் பெயரைக் கொடுங்கள். டைம் அவுட் ஆனால், அதே கட்டளையில் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்துக் கேளுங்கள். இப்போது பதில் வந்தால் உங்களுக்கு டிஎச்சிபி கொடுத்த டிஎன்எஸ் சர்வர்தான் படுத்திருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ போர்ட் 53 அடைபட்டிருக்கிறது.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால், ஃபயர்வாலில் டிசிபி (யூடிபி போலத் தரவு அனுப்பும் இன்னொரு முறை) போர்ட் 53-ஐப் பாருங்கள். டிஎன்எஸ் என்றால் யூடிபி மட்டும் என்று நினைத்து டிசிபியை அடைத்துவிடுகிறார்கள். யூடிபியில் அடங்காத பெரிய பதில்களை டிசிபியில்தான் மறுபடி கேட்க வேண்டும். அது அடைபட்டால் அந்தப் பெயர்கள் மட்டும் கிடைக்காது.

டிஎன்எஸ் பதிவை மாற்றிவிட்டுப் பழைய முகவரியே வருகிறது என்று தவிப்பவர்களுக்கு: பழைய பதிலோடு வந்த டிடிஎல் தீரும்வரை இடையில் உள்ள சர்வர்கள் அதையே வைத்திருக்கும். (மேலே சொன்ன டிடிஎல் வேறு, இது விநாடிக் கணக்கு.) அது 86400 என்றிருந்தால் ஒரு முழு நாள். மாற்றுவதற்கு முந்தின நாளே அதை 300-ஆகக் குறைத்து வையுங்கள், மாற்றிச் சரிபார்த்த பிறகு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.